கால் ஆறுகிற காலம்

12 ஜனவரி 2009, திங்கள்

நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். சமையல் மேடையில் டைரி, பக்கத்தில் குக்கர். உட்கார்ந்தால் இடது பின்தொடை ஆரம்பிக்கிற இடத்தில், எலும்புக்கு அடியில், ஆணியின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. ஜிம் ரிசப்ஷனில் நாள் முழுக்க உட்காருவதற்குத்தான் எனக்குச் சம்பளம். உட்கார முடியாதவள் அங்கே என்ன செய்வது?

சனிக்கிழமை வகுப்பில் நடந்தது. ஜிம் மாடியில் 'போல் டான்ஸ்' என்கிற கம்ப நடன வகுப்பை மமதா ஆரம்பித்தபோது ஆளே சேரவில்லை. "நீயும் வா பிலோ, நாலு பேர் இருந்தா கூட்டம் மாதிரி தெரியும்" என்று கூப்பிட்டாள். கூட்டம் காட்டப் போனவள், தீபாவளியிலிருந்து ஒரு வகுப்புகூடத் தவறவில்லை. தரைக்கும் கூரைக்கும் நடுவே நிற்கும் அந்த எஃகுக் கம்பத்தைக் கையால் பற்றிக் காலைத் தரையிலிருந்து எடுக்கிற ஒரு நொடி இருக்கிறதே, அதற்காகத்தான்.

அன்று ஸ்ப்ளிட். ஒரு காலை முன்னால் நீட்டி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, தரையோடு தரையாக இறங்க வேண்டும். தாரணி தண்ணீர் வடிகிற மாதிரி இறங்கிவிட்டாள். அவளுக்கு இருபத்திரண்டு. எனக்கு முப்பத்தொன்பது. மமதா என் பின்னால் வந்து இடுப்பில் கைவைத்து, "இன்னும் கொஞ்சம்?" என்றாள். தலையாட்டினேன். அழுத்தினாள். ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி உள்ளே ஒரு சத்தம். காதால் கேட்டேனா, உடம்பால் கேட்டேனா, தெரியவில்லை.

வீட்டுக்காரர் யூஜினிடம் "எக்சர்சைஸ் பண்றப்ப பிடிச்சிக்கிச்சு" என்றேன். பொய் இல்லை. முழுசாக உண்மையும் இல்லை.

14 ஜனவரி

எதிர்வீட்டு வள்ளியம்மா சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். நின்றபடியே சாப்பிட்டேன். "உக்காந்து சாப்பிடும்மா, ஒட்டாது" என்று திட்டிவிட்டுப் போனார்.

17 ஜனவரி, சனி

பிசியோதெரபிஸ்ட் சுந்தரேசனிடம் போனேன். மெதுவாகப் பேசுகிற மனிதர். குப்புறப் படுக்கவைத்து, காலை மடக்கச் சொல்லி, குதிகாலில் கைவைத்து எதிர்த்து அழுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தசை எலும்புல ஒட்டுற இடத்துல கிழிஞ்சிருக்கு மேடம். முழுசா இல்ல, பாதி. ஆப்பரேஷன் வேணாம். ஆனா மாசக்கணக்கா ஆகும்."

"தினம் ஸ்ட்ரெச் பண்ணா சீக்கிரம் சரியாயிடுமா?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இழுத்ததாலதான் இது வந்திருக்கு. மறுபடியும் இழுத்தா எப்படி சரியாகும்? இதுக்கு வேண்டியது பலம். நீட்றது இல்ல."

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்க வேண்டுமாம். தூக்கி, அப்படியே நிறுத்த வேண்டுமாம். அவ்வளவுதான். இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று இருந்தது.

கிளம்பும்போது, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, வகுப்பைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கை நல்லாத்தானே இருக்கு? கையால செய்றதைச் செய்யுங்க. காலை விரிக்கிற வேலை மட்டும் வேணாம்."

18 ஜனவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசை முழுக்கக் கடைசித் தூண் பக்கம் நின்றேன். வெளியே வந்ததும் ரெஜினா அண்ணி பிடித்துக்கொண்டார். யூஜினின் அக்கா. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஏன் நிக்கிற? ஏதாச்சும் வேண்டுதலா?"

"முதுகுப் பிடிப்பு அண்ணி."

"மிளகு ரசம் வச்சுக் குடி."

எல்லாவற்றுக்கும் மிளகு ரசம்.

23 ஜனவரி

என்னிடமே நான் ஒளித்துவைக்க முடியாததை இங்கேயாவது எழுத வேண்டும். தினம் காலையில் யூஜின் குளிக்கப் போனதும் சமையல் மேடையில் காலைத் தூக்கிப் போட்டு இழுக்கிறேன். சுந்தரேசன் வேண்டாம் என்று சொன்னதையேதான் செய்கிறேன். இழுக்கும்போது அப்படி ஒரு சுகம். முறுக்கிய கயிறு பிரிகிற மாதிரி. மத்தியானத்துக்குள் ஆணி திரும்பிவிடுகிறது, முன்னைவிடக் கூர்மையாக.

ஏன் செய்கிறேன்? வளையாவிட்டால் அங்கே எனக்கு இடமில்லை என்று பயமா? யார் சொன்னது அப்படி? யாரும் சொல்லவில்லை. நானேதான்.

நாளையிலிருந்து கூடாது.

24 ஜனவரி

இன்றும் செய்தேன். சீ.

30 ஜனவரி, வெள்ளி

மங்களூரில் ஒரு பாருக்குள் புகுந்து பெண்களை அடித்ததை இந்த வாரம் முழுக்க டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். ஓடுகிறார்கள், விழுகிறார்கள், மறுபடியும் முதலிலிருந்து ஓடுகிறார்கள். இன்று ஜிம் முதலாளி தேசிகன் சார் மாடிப்படி பக்கம் இருந்த மமதாவின் போர்டைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

"யாராவது கேட்டா ஏரோபிக்ஸ்னு சொல்லிடும்மா. நமக்கு எதுக்கு வம்பு?"

போர்டு இப்போது என் மேசைக்கு அடியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.

காலை இழுப்பதை நிறுத்தி நாலைந்து நாள் ஆகிறது. இடுப்பைத் தூக்கி நிறுத்துகிற பயிற்சியில் முதலில் கால் உதறியது, இப்போது உதறல் குறைவு.

5 பிப்ரவரி, வியாழன்

வகுப்புக்குத் திரும்பப் போனேன். மமதா என்னைப் பார்த்ததும் எடுத்த எடுப்பில், "அன்னிக்கு வார்ம்-அப் சரியா மாடிலில்ல நீ" என்றாள். நான் சரியாகச் செய்யவில்லையாம். கன்னடம் கலந்துதான் அவள் தமிழ் வரும், கோபம் வந்தால் கன்னடமே அதிகம். எனக்கு வாய் வரை வந்தது: வார்ம்-அப்பா? இடுப்பில் இருந்தது யார் கை? விழுங்கிவிட்டேன்.

மற்றவர்கள் காலை விரிக்கும்போது நான் ஓரக் கம்பத்தில் கைப்பிடி மட்டும் பழகினேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கம்பம் முதலில் சில்லென்று இருக்கும், பிறகு உள்ளங்கைச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். தோல் பட்டால்தான் பிடிமானம், அதனால்தான் அரைக்கால் சட்டை. பாவாடையோடு ஏறினால் வழுக்கிக் கீழே வரவேண்டியதுதான். இரண்டு கையால் பற்றி, தோளைக் கீழே இறக்கி, பாதத்தைத் தரையிலிருந்து எடுத்தேன். தொங்கினேன். இறங்கினேன். மறுபடியும்.

எல்லோரும் போன பிறகு மமதா கம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"நான் அழுத்தியிருக்கக் கூடாது, பிலோ."

"நான்தானே தலையாட்டினேன்."

"நீ ஆட்டுவே. எல்லாரும் ஆட்டுவாங்க. அதுக்குத்தானே டீச்சர்னு ஒருத்தி."

நானும் ஒரு துணி எடுத்து அடுத்த கம்பத்தைத் துடைத்தேன்.

13 பிப்ரவரி, வெள்ளி



காலையில் மூன்று பேர் வந்தார்கள். ஏரியா சங்கமாம். நான் வழக்கம்போல மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் கன்னடத்தில் ஆரம்பித்தார், மேலே என்ன நடக்கிறது என்று. இன்னொருவர் தமிழுக்கு மாறினார். தெரிந்த முகம். முனிகிருஷ்ணன். லிங்கராஜபுரத்தில் யூஜினின் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஹார்டுவேர் வைத்திருப்பவர்.

"மேல ஏதோ டான்ஸ் சொல்லித் தர்றாங்களாமே. பார்ல அரைகுறை டிரெஸ்ல ஆடுவாங்களே, அது?"

ஏரோபிக்ஸ் என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை. தேசிகன் சார் கண்ணாடி அறைக்குள்ளிருந்து என்னையே பார்க்கிறார். அந்த வார்த்தை வரவே மாட்டேன் என்கிறது!

"கம்பத்துல ஏறி இறங்குற பயிற்சி சார். கைக்கும் தோளுக்கும் பலம். நானும் கத்துக்குறேன்."

"நீங்களா?"

"ஆமா."

என்னை நன்றாகப் பார்த்தார். "யூஜின் வீட்டுக்காரம்மாதானே நீங்க?"

"ஆமா சார்."

அவர் பார்வையை நாள்காட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார். மற்ற இருவரும் மாடிக்குப் போகத்தான் வந்தார்கள். "பிட்ரீ, நம்ம ஏரியா ஹெங்கசு" என்று அவர்களிடம் சொல்லித் திருப்பிக் கூட்டிப்போனார். நம்ம ஏரியாப் பெண்ணாம், விட்டுவிடுங்களாம். அது தயவா, எச்சரிக்கையா?

அவர்கள் போன பிறகுதான் மேசையை விட்டு வெளியே வந்தேன்.

யூஜினுக்கு இன்று நானே சொல்லிவிட வேண்டும்.

14 பிப்ரவரி, சனி

சொல்லவில்லை. அவர் நேற்றுச் சாயந்திரம் களைத்து வந்தார், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். இன்று மத்தியானம் சாப்பிட வந்தவர் கை கழுவாமலே நின்றார்.

"கம்பத்துல ஏறுறியாமே. கரண்ட் ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்கா உனக்கு?"

வேடிக்கை மாதிரி ஆரம்பித்தார். முகம் வேடிக்கையாக இல்லை.

"எக்சர்சைஸ்தாங்க அது. சொல்லணும்னுதான்..."

"நீ ஆடு, ஏறு, என்னமோ பண்ணு. கடைக்கு டீ குடிக்க வந்த முனிகிருஷ்ணன் சொல்லி எனக்குத் தெரியணுமா? அந்தாளு முன்னால நான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு உக்காந்திருந்தேன், பிலோ."

சாப்பிடாமல் போய்விட்டார். மீன் குழம்பு அப்படியே இருக்கிறது.

ஆடியது தப்பு என்று சண்டை போட்டிருந்தால் எதிர்த்துப் பேச எனக்கு ஆயிரம் இருந்தது. இதற்கு என்ன சொல்வேன்?

17 பிப்ரவரி

பேச்சில்லை. "உப்பு" என்றார், எடுத்துக் கொடுத்தேன்.

22 பிப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்து ரெஜினா அண்ணி நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். செய்தி சுற்றி அவரிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"தவக்காலம் வருது. சர்ச்ல நன்மை வாங்குற பொம்பள செய்ற வேலையா இது? நாளைக்கு நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு எவன் சம்பந்தம் பேச வருவான்? யூஜின், நீ ஆம்பளதானே, ரெண்டு வார்த்தை கேக்க மாட்டியா?"

யூஜின் பேப்பரை மடித்தார். "கேட்டாச்சுக்கா. எனக்கும் அவளுக்கும் நடுவுல கேக்க வேண்டியதை நான் கேட்டாச்சு. நீ காபி குடி, ஆறுது."

அண்ணி குடிக்காமலே எழுந்து போனார். யூஜின் அந்தக் காபியைத் தானே எடுத்துக் குடித்தார். பாதி குடித்துவிட்டு, அத்தனை நாளில் முதன்முறையாக, "கால் எப்படி இருக்கு?" என்றார்.

சொன்னேன். அந்தச் சத்தத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் நின்றுகொண்டு பேசினேன். கொஞ்ச நேரத்தில் அவரும் எழுந்து நின்றுகொண்டார்.

25 பிப்ரவரி, சாம்பல் புதன்

மண்ணாயிருக்கிறாய் என்று சொல்லி நெற்றியில் சாம்பல் பூசினார்கள். மண்ணுக்கும் தசைநார் இருக்கிறது, சாமி.

10 மார்ச், செவ்வாய்

யூஜின் வகுப்பைப் பார்க்க வந்தார். நான் கூப்பிடவில்லை. கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, மாடிக் கதவோரம் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்தார். தாரணியும் மற்றவர்களும் கூச்சப்படக்கூடாதென்று மமதா அவர்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டாள்.

நன்றாகச் செய்துகாட்ட நினைத்தேன். முதல் பிடியே வியர்வையில் வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடி ஏறினேன். கையால் இழுத்து, கணுக்காலையும் முழங்காலையும் கம்பத்தில் பூட்டி, மறுபடி கையால் இழுத்து, கூரை வரை. தலைக்கு மேல் மின்விசிறி ஓடாமல் நின்றது. அதன் இறக்கைகளில் எவ்வளவு தூசி! அங்கேயே கொஞ்சம் இருந்தேன். பிறகு மெதுவாக இறங்கினேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரில், ஹெண்ணூர் ரோடு சிக்னலில் சொன்னார்: "மேல இருந்தப்ப நான் அங்க இருக்கிறதே உனக்கு ஞாபகம் இல்ல."

உண்மைதான். "இல்லீங்க" என்றேன்.

"ம்" என்றார். பச்சை விழுந்துவிட்டது. அந்த 'ம்' எந்தக் கணக்கில் என்று இதுவரை பிடிபடவில்லை. கோபமாக இருந்தால் பிரேக் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். இன்று அது தெரியவில்லை.

3 ஏப்ரல், வெள்ளி

தேசிகன் சார் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கட்டிடச் சொந்தக்காரர் நெருக்குகிறாராம். "உன் வேலைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மமதா அழவில்லை. ஸ்பானர் கொண்டுவந்து தானே கம்பங்களைக் கழற்றினாள். கூரையில் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம்.

அடுகோடி ஏரியாவில் மூடிக்கிடக்கும் லேத் பட்டறை ஒன்றைப் பேசியிருக்கிறாளாம். தகரக் கூரைதான், ஆனால் நடுவில் பெரிய இரும்பு உத்தரம். "மூணு கம்பம் தாங்கும். வருவியா?" என்றாள். இரண்டு பஸ் மாற வேண்டும்.

வருவேன் என்றேன்.

16 மே, சனி

சுந்தரேசன் பலம் சோதித்தார். இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்று என்றார். பாதி சந்தோஷத்தில் கேட்டேவிட்டேன், ஸ்ப்ளிட் எப்போது வரும் என்று.

"வரலாம். வராமலும் போகலாம். ஆறின இடம் பழைய மாதிரி நீளணும்னு கட்டாயம் இல்ல மேடம்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். முப்பத்தொன்பது வயதில் ஒரு ஸ்ப்ளிட்டுக்காக அழுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிவாஜிநகர் வரும்வரை அழுதேன். பிறகு இறங்கி, மறக்காமல் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

31 மே, ஞாயிறு

பட்டறையில் இன்று தலைகீழாகத் தொங்கினேன். வலது முழங்கால் மடிப்பில் கம்பத்தைப் பூட்டிக் கையை விட வேண்டும். மமதா பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. "நீ சொன்னா மட்டும் பிடிப்பேன்" என்றாள். நான் சொல்லவில்லை. கையை விட்டேன்.

ரத்தம் தலைக்கு இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. வேறு எந்தச் சத்தமும் இல்லை.

21 ஜூன், ஞாயிறு

மமதா பட்டறை வாசலில் பேனர் கட்டப் போகிறாள். படம் வேண்டுமாம். தாரணி வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "நீ ஏறுறியா பிலோ? முகம் தெரியாம பின்னாலருந்து எடுக்கறேன்" என்றாள்.

"முன்னாலருந்தே எடு" என்றேன்.

கூட்டிப்போக வந்திருந்த யூஜின் கையில் கேமராவைக் கொடுத்தாள், தான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதால். நாற்காலி மேல் ஏறி, கீழே குந்தி, என்னென்னவோ செய்து எடுத்தார். அரைக்கால் சட்டை, வியர்த்த முகம், அவிழ்ந்த கொண்டை, எல்லாம் இருக்கும். ரெஜினா அண்ணி அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் பார்க்கத்தான் செய்வார். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டே இருவரும் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். ஒன்றில் நிறுத்தினார்.

"இதுல இடது காலை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாமே?"

"அதுக்கு மேல போகாதுங்க."

"சரி" என்று அடுத்த படத்துக்குப் போனார்.