நோன்பு மாதத்துப் பகல் சோறு

உன் திரைச்சீலையைச் சவர்க்காரம் போட்டு அடித்துத் துவைத்து, வளவுக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன். இன்னும் வெங்காயம் பொரித்த வாசம் போகவில்லை. பள்ளிவாசல் பக்கம் நோன்புக் கஞ்சி கொதிக்கிறது. அந்த வாசத்தையும் தள்ளிக்கொண்டு உன்னுடையதுதான் மூக்கில் ஏறுகிறது. நீ மௌத்தான பிறகு வந்த முதல் நோன்பு இது. உனக்காக அழவேண்டியதை அழுது முடித்துவிட்டேன். மிச்சமிருப்பது கோபம். அதில் பாதி உன்மேல்தான் என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

நோன்பு தொடங்கிய கிழமை, நீ விடுதி மேட்ரனாக இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் நலன் பார்க்கும் அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். மரியாதையான ஆள். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னார்: "மேட்ரன்ட பேரில ஒரு நினைவு இப்தார் வைக்கிறம், மேடம். பெரிய ஆக்கள் எல்லாம் வாறாங்க. நீங்க அவங்கட சின்ன வயசுக் கூட்டாளி. பத்து நிமிசம் கதைக்கணும்."

"கதைக்கலாம். அவட அறை திறந்து கிடக்கா?" என்றேன்.

"எந்த அறை மேடம்?"

எந்த அறை. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அந்த இரண்டு சொற்கள் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

பெண்கள் விடுதிக் குசினிக்குப் பின்னால் நீ வருடக்கணக்காக நடத்திய அறை. தொழுகை இல்லாத நாட்களில் பெண்ணுக்கு நோன்பும் இல்லை என்பது நம் வீடுகளில் யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். உம்மா ஒரு பீங்கான் சோற்றைக் குசினி மூலையில் மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பாள். விடுதியில் யார் மூடி வைப்பது? கென்டீன் பகல் முழுக்கப் பூட்டு. ஆகவே மாதவிடாய் வந்த பிள்ளைகள் மற்றவர்களோடு விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பி, நோன்பாளிபோல நடித்து, வயிற்றுவலியோடும் வெறும் வயிற்றோடும் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை விரிவுரைகளில் இருந்தார்கள். படைத்தவன் வேண்டாமென்று விட்டதை நாம் அவர்கள் தலையில் திரும்ப ஏற்றி வைத்தோம். நீ அதைப் பார்த்தாய். சோறு, பருப்பாணம், மாசிச் சம்பல் ஆக்கினாய். பழைய பால்மாத் தகரப் பேணி நிறையப் பேட் வைத்தாய், யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. தமிழ்ப் பிள்ளைகளையும் சிங்களப் பிள்ளைகளையும் அங்கேயே கூப்பிட்டு இருத்தினாய். அதனால் உள்ளே போனவள் எதற்காகப் போனாள் என்று எவராலும் சொல்ல முடியாது. உன் மூளை அப்படி வேலை செய்யும்.

எல்லாம் சரி. அந்தத் திரை மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வாசலில் கருநீலத் துணி, உள்ளே பெட்டிமேல் பீங்கான். முதல் நாளே சண்டை பிடித்தேன். அவர்கள் என்ன களவெடுத்தா தின்கிறார்கள், மேசை போடு, விரிப்புப் போடு, கதவைத் திறந்து வை என்றேன். நீ அகப்பையால் என்னைச் சுட்டிக் காட்டிச் சிரித்தாய். "உனக்கு மானம் பெருசு புள்ள. அவளுகளுக்குப் பசி பெருசு. தின்னட்டும் முதல்ல."

நாம் படித்த கொன்வென்டில் ஒரு நோன்பு நாள் உனக்கு நினைவிருக்கும். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாங்கில் குனிந்து கிடந்தாய். சிஸ்டர் நம் இருவரையும் தன் சாப்பாட்டறைக்குக் கூட்டிப்போய், வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் உனக்குப் பாணும் வாழைப்பழமும் வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார். நான் நோன்பு. எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறையப் பாணோடு நீ சொன்னாய்: "அப்பிடிப் பாக்காத, உன்ட நோன்பு முறிஞ்சிரும்." அந்த அறையிலிருந்து நான் நினைவில் வைத்துக்கொண்டது மேசையை. நீ வைத்துக்கொண்டது சாத்திய கதவை.

அதிகாரி வந்துபோன மறுநாள், லுஹர் தொழுகை முடிந்த நடுப்பகலில் வளாகத்துக்குப் போனேன். அறைக்குப் பூட்டு. ஜன்னலால் பார்த்தேன். இப்தாருக்கு விரிக்கும் கம்பளங்கள் கூரைவரை சுருட்டி அடுக்கியிருந்தன. உன் திரையை ஒலிபெருக்கிப் பெட்டிக்குத் தூசி படாமல் போர்த்தியிருந்தார்கள். பேணியைக் காணவில்லை.

படிக்கட்டில் ஒரு பிள்ளை தலையைச் சுவரில் சாய்த்து இருந்தது. உதடு வெடித்திருந்தது.

"நோன்பா மகள்?"

"ஓம்."

"என்ட முகத்தப் பாத்துச் சொல்லு."

பார்க்கவில்லை. "தொழுகை இல்ல" என்றாள், மெதுவாக.

"எந்த ஊர்?"

"இறக்காமம்."

"பின்ன ஏன் தின்னாம இரிக்கிறாய்?"

"திண்டன் மேடம். பிஸ்கட்."

"எங்க வெச்சு?"

அவள் கையால் காட்டினாள். கழிப்பறை வரிசை. "அங்கதான் உள்ளால பூட்டலாம். எல்லாரும் அங்கதான்" என்றாள், என்னைச் சமாதானப்படுத்துவதுபோல.

வயல் செய்கிற வாப்பா நெல் விற்றுப் படிக்க அனுப்பிய பிள்ளை. அவள் மல வாடைக்குள் நின்றுகொண்டு, சத்தம் கேட்காமல் பிஸ்கட்டை ஊறவைத்து விழுங்குகிறாள். அதற்கு நூறடி தள்ளி உன் பேரில் இப்தாருக்குப் பந்தல் கட்டுகிறார்கள்.

நேரே அதிகாரியின் அறைக்குப் போனேன். அந்த அறையில் நீ என்ன செய்தாய் என்று சொல்லி, பூட்டின் திறப்பைக் கேட்டேன்.

"நோன்பு மாசத்தில கம்பஸ்ஸுக்குள்ள பகல்ல சோறு ஆக்கினா ஆக்கள் என்ன கதைப்பாங்க மேடம்? பெருநாளுக்குப் பிறகு பாப்பம்."

"பெருநாளுக்குப் பிறகு கென்டீன் திறந்திரும். பிறகென்னத்துக்கு உங்கட அறை?"

நான் குரலை உயர்த்தவில்லை. "சரி. இப்தாருக்கு வாறன். பத்து நிமிசமும் கதைக்கிறன். மௌலவிமார், பேராசிரியர்மார் எல்லாருக்கும் முன்னால மைக்கைப் பிடிச்சு, இஞ்ச மாதவிடாய் வந்த பிள்ளைகள் எங்க நிண்டு தின்னுறாங்க எண்டு சொல்லுறன்."

"மேடம், சபையில அந்தச் சொல்ல..."

"எந்தச் சொல்ல? கழிப்பறையையா?"

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னே திறப்பு என் வீட்டுக்கு வந்துவிட்டது. சந்தோசப்படவில்லை. பிள்ளைகளின் பசிக்குத் திறக்காத கதவு, ஒரு சொல்லை மைக்கில் கேட்க வேண்டிவருமே என்ற பயத்துக்குத் திறந்தது. அதை நினைக்க நினைக்க இன்னும் எரிகிறது.

உன்மேலுள்ள கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ அந்த அறையை அவ்வளவு நன்றாக மறைத்து வைத்திருந்தாய். அதனால் நீ போனபோது அதை மூடும் பாவத்தைக்கூட யாரும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இல்லாத ஒன்றை எப்படி மூடுவது? கம்பளம் வைக்க இடம் தேடியவர்களுக்கு வெறும் அறையொன்று கிடைத்தது, அவ்வளவுதான். உன் நல்ல மனசை நம்பி நடந்த காரியம் உன்னோடு கபுறுக்குழிக்குள் போனது. விடுதியின் கடமையாக அது நடந்திருக்க வேண்டும். உயிரோடு இருந்தால் இதையும் சிரித்தே தட்டிவிடுவாய்.

இப்தாருக்குப் போனேன். "மேட்ரன் பகலில் ஆக்கிய சோறு மிகவும் ருசியானது" என்று ஒரே வசனம் சொல்லிவிட்டு இறங்கினேன். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு எழுந்தது. முன்வரிசைப் பெரியவர்கள் என்னவென்று திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது ஆக்குவது நான். மேசை போட்டேன், வெள்ளை விரிப்புப் போட்டேன், கதவைத் திறந்து வைத்தேன். முதல் நாள் ஒருத்தியும் வரவில்லை. சோற்றை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் உன் திரையைத் தூசி தட்டி வாசலில் கட்டினேன். லுஹர் முடிய ஆறேழு பேர் வந்தார்கள். இறக்காமத்துப் பிள்ளை முதல் கவளத்திலேயே, "சம்பலுக்கு உப்புக் காணா மேடம். மேட்ரன்ட கைப்பக்குவம் வேற எண்டு சீனியர்மார் சொன்னாங்க" என்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்திருந்தேன். உப்பை எடுத்து நீட்டினேன்.

வியாழக்கிழமை வெக்கை தாங்கவில்லை. அவள் எழும்பி, "காத்து வருதில்ல" என்று முணுமுணுத்துத் திரையைப் பாதிக்குத் தள்ளிவிட்டு, திரும்பி வந்து கதிரையில் இருந்து தின்றாள். வெளியே ஆட்கள் நடந்து போனார்கள். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் குனியவில்லை. நான் அடுப்பிலிருந்த ஆணத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

கென்டீனே பகலில் சோறு தருமட்டும், பேட் வாங்குவதை விடுதி பொறுப்பெடுக்குமட்டும் திறப்பைத் திருப்பித் தரமாட்டேன் என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். அது என் இடுப்பில் இருக்கிறது. சீலை காய்ந்துவிட்டது. நாளைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டுவேன், விருப்பமில்லாமல்தான். எவ்வளவு தூரம் இழுத்துவிடுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.