மூடியில் இரண்டு முறை வெட்டிய பெயர்

அக்கா,

அலுமினியத்தில் எழுத்து வெட்டும்போது மிஷின் முனையில் மண்ணெண்ணெய் சொட்டுவிடுவோம். இல்லையென்றால் உலோகம் முனையில் அப்பிக்கொள்ளும். சூடு பட்டதும் மண்ணெண்ணெய் ஒரு வாடை கிளப்பும். இன்று காலை பட்டறையில் அந்த வாடை மூக்கில் ஏறியதும் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் இப்படித்தான் இருக்கிறேன்.

அந்தப் பெட்டியை நீ பாண்டியில் வாங்கினாய். தட்டையான அலுமினியப் பெட்டி, ஒரு பக்கம் கைப்பிடி. கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்யத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது உனக்கு. செய்த அலங்காரங்களைப் படம் எடுத்து, லேமினேட் செய்து, ஜவுளிக்கடை கட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டிக்கொண்டிருந்தாய். அந்தப் பையோடு போனால் புடவை விற்க வந்தவள் என்று நினைக்கிறார்கள் என்றாய். பெட்டியை நேராக என் பட்டறைக்கே கொண்டுவந்துவிட்டாய்.

"டேய், மூடியில என் பேரு வெட்டிக் குடு. கீழ 'மணப்பெண் அலங்காரம்'னு போடு. எதிர்ல உக்காந்துக்கினு இருக்கறவங்களுக்கு நேரா தெரியணும்."

"எழுத்து கைப்பிடிப் பக்கம் பாத்துதான் வரணும். அதான் முறை."

"முறையெல்லாம் உன் மிஷினோட வச்சிக்கோ. நான் சொல்றத கேளு."

"உனக்கு இன்னா தெரியும்? ஜல்தி வச்சிட்டுக் கிளம்பு, ஆளு நிக்குது."

டிப்ளமோ முடித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது எனக்கு. விழுப்புரத்தில் மோட்டார்களுக்குப் பெயர்த்தகடு வெட்டும் வேலை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. என் முறைப்படியே வெட்டினேன். ஆழமாக, சுத்தமாக, ஒரு பிசிறு இல்லாமல். நீ மூடியைத் தடவிப் பார்த்தாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு கல்யாணப் பெண் வீட்டில் படங்களைக் காட்டத் திண்டிவனம் பஸ் ஏறினாய்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "எப்படி என் வேலை? அசந்துட்டாங்களா?" என்று பெருமையாகக் கேட்டேன். நீ முகம் கழுவிக்கொண்டிருந்தாய்.

"தலைகீழா தெரிஞ்சிதுடா. பெட்டிய அவங்க முன்னாடி வச்சேன், தலைகீழு. மூடியத் தொறந்து நிறுத்தினேன், அப்பவும் தலைகீழு. பொண்ணோட அம்மா அத ஒரு தடவ பாத்தாங்க. அப்புறம் என் நெத்தியப் பாத்தாங்க. வூட்டுக்காரரு இன்னா பண்றாருன்னு கேட்டாங்க."

மாமா பஸ் விபத்தில் இறந்து அப்போது மூன்று வருஷம்.

"நீ இன்னா சொன்ன?"

"இல்லீங்கன்னேன். கலந்து பேசிட்டு போன் பண்றோம்னாங்க. படத்த ஒண்ணுகூடத் திருப்பல."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் உன்மேலேயே காட்டினேன். "ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கினு போனா இன்னா? யாரு கேக்கப் போறாங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்தபடி நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "ஆசைப்பட்டா வச்சிப்பேன்டா. அவங்கள ஏமாத்த வைக்க மாட்டேன். எங்க போனாலும் மொதல்ல என் நெத்தியத்தான் படிக்கறாங்க. அதுக்கு முன்னாடி என் பேரப் படிக்கட்டும்னுதான் உங்கிட்ட அப்படிக் கேட்டேன்."

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை. மறுநாள் பெட்டியைத் திரும்பப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். வெட்டியது ஆழம், இழைத்து எடுத்தால் மூடி ஓட்டையாகிவிடும். அதனால் கீல் பக்கம் இருந்த இடத்தில், திருப்பி வைத்து, இரண்டு மடங்கு பெரிதாக உன் பெயரை இன்னொரு முறை வெட்டினேன். ஒரே மூடியில் ஒரே பெயர், ஒன்று உன்னைப் பார்த்து, ஒன்று எதிரில் இருப்பவரைப் பார்த்து. பார்க்கக் கோமாளித்தனமாக இருந்தது. வேறு பெட்டி வாங்கித் தருகிறேன் என்றேன். நீ சிரித்தாய். "பெருசு அவங்களுக்கு. சின்னது எனக்கு. நானும் அப்பப்ப படிச்சிக்க வேணாமா?"

அடுத்துப் போன வீடு பிரம்மதேசத்தில். நானும் வந்தேன். நீ பெட்டியை வைத்ததும் கல்யாணப் பெண்ணே குனிந்து உன் பெயரை வாய்விட்டுப் படித்தாள். அவளுடைய அத்தை உன் நெற்றியைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இருங்கத்த, படம் பாத்துக்கினு இருக்கறேன்" என்றாள் அந்தப் பெண். முழுவதும் பார்த்தாள். பிறகு, "அக்கா, ஆள அனுப்பாம நீங்களே வருவீங்க இல்ல?" என்று கேட்டாள். எழுத்தால்தான் அந்த வேலை கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். உன் வேலை நன்றாக இருந்தது. அதைப் பார்க்கும்வரை அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், எழுத்து செய்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ மண்டபம் பார்த்தாய். எல்லா இடத்திலும் மரியாதை கிடைத்ததா என்று நான் கேட்டதில்லை. காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளிலும் கேட்கவில்லை.

நீ போன அன்று அஞ்சலி போஸ்டருக்குச் சித்தப்பா வாசகம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா பெயர் மேலே பெரிதாக, அவருடைய மனைவி என்று கீழே நீ. நான் தாளைப் பிடுங்கினேன்.

"அவ பேரு மேல வரட்டும். கீழ மணப்பெண் அலங்காரக் கலைஞர்னு போடுங்க."

"பொம்பள போஸ்டர்ல தொழிலு எதுக்குடா? எவன் படிக்கப் போறான்?"

"அவ அலங்காரம் பண்ண பொண்ணுங்க படிக்கும்."

எழவு வீட்டில் கத்தினேன். சித்தப்பா இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் போஸ்டர் நான் சொன்னபடிதான் வந்தது. மூன்றாம் நாள் திண்டிவனம் பஸ் நிலையச் சுவரில் அதை ஒரு பெண் நின்று படித்துக்கொண்டிருந்தாள், இடுப்பில் குழந்தை. "எனக்குத் தலை பின்னி பூ தெச்சது இவங்கதாங்க" என்று பக்கத்தில் நின்ற கணவனிடம் சொன்னாள். நான் யாரென்று அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் பட்டறைக்கு யார் எதைக் கொண்டுவந்தாலும், இதை யார் படிக்கணும், எந்தப் பக்கம் நின்று படிப்பார்கள் என்று கேட்கிறேன். "கேள்வி கேட்டே பேஜார் பண்றான்" என்கிறார் முதலாளி. கேட்பது எனக்குச் சுலபம்தான், அக்கா. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பதைத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.