சுகர் என்று சொன்னால் அட்டை செல்லும்

பீச் க்ரீக், கென்டக்கி
செப்டம்பர் 3, செவ்வாய்

அன்பு மகள் ட்வைலாவுக்கு,

இதை எழுதும்போது சமையலறையில் இருப்பவர்கள் நான், உன் அப்பா, மேஜைக்கு அடியில் நம் நாய் டாலி, அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நார் உரிக்கிறார், பாதி நார் பீன்ஸோடு சேர்ந்தே சட்டிக்குள் போகிறது. கர்த்தருடைய கிருபையால் இருவரும் எழுந்து நடமாடிச் சாப்பிடுகிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஓரிகன் மழையில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று உங்கள் பேரைச் சொல்லித்தான் தினமும் ஜெபத்தை முடிக்கிறேன். தக்காளி இந்த வருஷம் போதும் போதும் என்கிற அளவுக்குக் காய்த்துவிட்டது, ஜாடி மூடிதான் கிடைக்கவில்லை.

விஷயம் அப்பாவின் கண். சர்ச் வேனை ஓட்டிக்கொண்டு போனவர் மூலை வீட்டுத் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்துவிட்டு வந்து, அதை யாரோ நகர்த்தி நட்டிருக்கிறார்கள் என்றார். ஞாயிறு ஆராதனையில் வேதப்பகுதி வாசிக்க எழுந்தால் வாராவாரம் மனப்பாடமான பகுதியையே சொல்கிறார். போதகர் அதைக் கர்த்தர் அவர் மனசில் வைத்த புதிய பாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இனி கண் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நானே தேட ஆரம்பித்தேன். நம்மிடம் இருப்பது வயசானவர்கள் வைத்தியத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற மெடிக்கேர் அட்டை ஒன்றுதான், அதை எடுப்பீர்களா என்று ஒவ்வொரு இடமாகப் போன் செய்தேன். பெரிய கடைக்குள் கண்ணாடி விற்கிறவர், எல்லா அட்டையும் எடுப்போம், கண்ணாடிக்கு இந்த அட்டையை மட்டும் எடுக்க வழியில்லை என்றார். அடுத்த ஊரில் இருப்பவர் புதிய ஆட்களைச் சேர்ப்பதில்லையாம். இன்னொரு எண்ணில் ஒரு அம்மாள் எடுத்து, டாக்டர் என் கணவர்தான், போய்ச் சேர்ந்துவிட்டார், எண்ணை எடுத்துவிட மனசு வரவில்லை என்று அழுதாள். அவளோடு போனிலேயே ஜெபித்துவிட்டு வைத்தேன். கடைசியில், பழைய தீவனக் கடை இருந்த இடத்தில் காடில் என்று ஒரு பெண் டாக்டர் புதிதாக வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே கேட்டேன். போன் எடுத்த பெண் பொறுமையானவள். கண்ணாடிக்கு என்று வந்தால் அட்டை செல்லாதும்மா, வீட்டுக்காரருக்குச் சுகர் இருக்கிறதா, இருந்தால் அதற்காக வருஷத்துக்கு ஒரு கண் சோதனைக்கு அட்டை செல்லும் என்றாள். பைசா பைசாவாகக் கணக்கு எழுதுகிற நான், இத்தனை இடத்திலும் கண்ணாடிக்கு, கண்ணாடிக்கு என்றே கேட்டுக்கொண்டிருந்தேன் பார். இது தந்திரம் ஆகாதா என்று ஒரு ராத்திரி முழுக்க மனசு உறுத்தியது. அப்புறம் யோசித்தேன், சுகர் இருப்பது சத்தியம், லேசாகத் தொட்டிருக்கிறது என்று அவர் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிவதுதானே பொய்.

வழியெல்லாம் சொல்லிக் கூட்டிப் போனேன், கேட்டால் சுகர் என்று சொல்லுங்கள், கண்ணாடிப் பேச்சை எடுக்காதீர்கள் என்று. உள்ளே போனால் சக்கர நாற்காலியில் எஸ்டில் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவோடு சுரங்கத்தில் இருந்தவர், சுகரால் ஒரு காலை எடுத்தார்களே, அவர்தான். அந்தக் காலை அவன் கேக்கு கேக்காகத் தின்று தீர்த்தான் என்று அப்பா ஊரெல்லாம் கேலி பேசியதை நீயும் கேட்டிருக்கிறாய். போன் எடுத்த அந்தப் பெண், எதற்காக வந்திருக்கிறீர்கள் ஐயா என்றாள். அப்பா எஸ்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணாடிக்கும்மா என்றார். அவள் என்னைப் பார்த்தாள், நான் முழங்கையால் இடித்தேன், அவர் தூண் மாதிரி நின்றார். நான் முந்திக்கொண்டு சொல்லியிருக்கலாம், ஆனால் அது அவர் வாயிலிருந்து வர வேண்டிய சொல் என்று பட்டது. அப்போது எஸ்டில் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“டேய் ஹோபர்ட், சுகர்னு சொல்லித் தொலைடா. சர்ச் விருந்துல நீ கேக்கைத் தொடாம முட்டைக்கோஸை மேஞ்சப்பவே எனக்குத் தெரியும். காலு போனா நாற்காலி குடுப்பாங்க. கண்ணு போனா என்னத்தடா குடுப்பாங்க?”

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுகர்தான் தாயி என்றார். லேசாவா என்று எஸ்டில் கேட்டார். முழுசாத்தான்டா, போதுமா என்றார் அப்பா. அங்கே இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

டாக்டர் மருந்து விட்டு நெடுநேரம் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் பின்புறம் ரத்தக் குழாய் கசிகிறதாம். போன பார்வை வருமா என்று சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஆனால் தள்ளிப் போடக் கூடாது, லெக்சிங்டனில் பெரிய டாக்டரிடம் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றாள். அதற்கும் அட்டை செல்லும், மிச்சத்துக்கு நான் வழி வைத்திருக்கிறேன், நீ பணம் அனுப்பாதே. வேன் சாவியை அவரே கொண்டுபோய்ப் போதகரிடம் கொடுத்துவிட்டார். எஸ்டிலின் மகள் காரில் கூட்டிப் போகிறேன் என்கிறாள். பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கண்ணில் ஊசி என்றதும் மனுஷன் பின்வாங்கிவிட்டார். முதலில் பீன்ஸ் முடியட்டும் என்றார், பிறகு மக்காச்சோளம் என்றார், நேற்று கேட்டதற்கு, ட்வைலா என்ன சொல்றாளோ அப்படியே செய்வோம் என்றார். என் பேச்சு அவருக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது, உன் பேச்சுக்குத்தான் மடங்குவார். போனில் வேண்டாம், நீ அழுவாய், உடனே அவர் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிடுவார்.

நீயும் ஒரு தடவை ரத்தம் சோதித்துப் பார்த்துக்கொள், அப்பா வழியில் வருவது இது. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீ போகிற வழியெல்லாம் கர்த்தர் கூடவே வந்து காப்பாராக.

பதிலை எனக்கு எழுதாதே, அப்பா பேருக்கு எழுது. கறுப்பு மையில், கட்டைவிரல் உயரத்துக்குப் பெரிய பெரிய எழுத்தாக எழுது, ஒரு பக்கத்துக்கு நாலு வார்த்தை இருந்தால் போதும். நான் படித்துக் காட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அதை அவர் கண்ணாலேயே படிக்கட்டும். அந்தப் பத்தொன்பதாம் தேதிக்கு முன்னால் வந்து சேர வேண்டும், தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
ஒலீட்டா