நொட்டாங்கை அரம்

மார்ச் 4
காலையிலேயே பழைய சாமான் கடைக்காரர் என் ரிப்பேர் கடைக்கு வந்து நின்றார். கையில் ஒரு பித்தளை விசில். "அக்கா, இது அவரு கையால செஞ்சதுன்னு எழுதிக் குடுங்க. பதினோரு வருஷம் அந்தப் பட்டறையில இருந்தவங்க நீங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

'அவரு' என்றால் என் முன்னாள் கணவன். விசில் சேகரிப்பவர்கள் அவன் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்பார்கள். எனக்கு வயிறு எரியும். வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

மார்ச் 5
லென்ஸில் பார்த்தேன். அடியில் அவன் முத்திரை, அசல்தான். ஆனால் காற்று மோதும் விளிம்பில் அரம் போட்ட கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. அவன் வலக்கைக்காரன். அந்தப் பட்டறையில் இடக்கையால் அரம் பிடித்தவள் ஒருத்திதான்.

நான் செய்த விசில்! முத்திரை மட்டும் அவனுடையது.

"நொட்டாங்கை, கைய மாத்திப் பிடிடி, பாக்கறவன் சிரிப்பான்" — எத்தனை தடவை சொல்லியிருப்பான். விற்கும்போது மட்டும் எவனும் சிரிக்கவில்லை போலிருக்கிறது.

மார்ச் 6
ஆத்திரம். எழுத வேறொன்றுமில்லை.

மார்ச் 8
கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. "கோவத்துல பேசறீங்க அக்கா. அவர்கிட்டயே கேட்டுடறேன்." கேளுங்களேன்! தங்கச்சி போனில், "விட்டுத் தொலையேன்" என்கிறாள். விட்டுத் தொலைத்துத்தானே பேரே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்?

மார்ச் 13
பழைய சாமான் கடைக்கு அவன் வந்தான். கடைக்காரர் என்னையும் கூப்பிட்டிருந்தார். தலை நரைத்துவிட்டது, திமிர் அப்படியே இருக்கிறது. விசிலைத் திருப்பினான். கோட்டைப் பார்த்ததுமே முகம் மாறியது. தெரிந்துவிட்டது அவனுக்கு. இவ செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும், பாவி?

"போலி," என்றான். "கோடு சாயறதப் பாருங்க. இப்படிச் சாஞ்சா அது என் கை வேலை இல்ல." அதையே தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டான். அடித்துவிடுவேனோ என்று பயந்து நான் கடையை விட்டு இறங்கி நடந்தேன்.

மார்ச் 22
கடைக்காரர் மறுபடி வந்தார், பெரிய டப்பாவோடு. அந்தத் தாளைச் சேகரிப்பவர்களிடம் காட்டியிருக்கிறார். ஆளாளுக்கு லென்ஸைத் தூக்கிவிட்டார்கள். அவன் முத்திரை போட்ட விசில் இருபத்தேழு திரும்பி வந்திருக்கிறது. இருபத்துநாலில் கோடு அதே பக்கம்தான் சாய்கிறது. அவன் போனை எடுப்பதில்லையாம்.

ஒரு பித்தளைத் துண்டை எடுத்து, அவர் கண்ணெதிரே இடக்கையால் நாலு இழுப்பு இழுத்துக் கொடுத்தேன். லென்ஸை வைத்து அதையும் முதல் விசிலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அன்னிக்கே சொன்னீங்களேக்கா..."

அவன் எழுதிய தாளைக் கேட்டு வாங்கினேன். 'என் கை வேலை இல்லை' என்று அவன் போட்ட கையெழுத்துக்குக் கீழேயே, 'என் கை வேலை' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். பிறகு டப்பாவைத் திறந்து அடுத்த விசிலை எடுத்தேன்.