சீஷெல்ஸில் ஒரு பகல்

ஆம்பூர்
20-1-1982

வாஹித் அண்ணனுக்குப் பூரணி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் அத்தையும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் வீட்டு பில்கிஸ் அண்ணிதான் தினம் வந்து எங்களை இரண்டு வாய் சாப்பிடவைத்துவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் தந்தியும் பின்னால் வந்த கடிதமும் கிடைத்தன. வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த என் வீட்டுக்காரர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உடம்பை அனுப்ப வழியில்லாமல் நைரோபியிலேயே எரித்துவிட்டது அத்தைக்கு ஆறவே இல்லை. "எம்புள்ளைக்கு வாய்க்கரிசி போடக்கூட எனக்குக் குடுத்துவைக்கலியே" என்று சுவரைப் பார்த்துப் பேசுகிறாள். உங்களை நாங்கள் குறை சொல்லவில்லை அண்ணா. நீங்கள் இல்லாவிட்டால் அவருக்குக் கொள்ளி வைக்கக்கூட நாதி இருந்திருக்காது.

அஸ்தியை நீங்கள் வரும்போது கொண்டுவருவதாக எழுதியிருந்தீர்கள். அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாதாம், மரத்தில்தான் கட்ட வேண்டுமாம். நம் தெருவில் இருப்பது ஒரே ஒரு புங்கமரம். அதன் அடியில்தான் தோல் வண்டி வந்து நிற்கிறது. பிறகு மகாபலிபுரம் போய்க் கடலில் விட வேண்டும் என்கிறார்கள். பாலாற்றில்தான் தண்ணீர் இல்லையே. அத்தைக்கு நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. எப்படிப் போகப்போகிறோமோ தெரியவில்லை.

அதெல்லாம் கிடக்கட்டும். நான் அவர் முகம் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் அண்ணா.

பூரணி


நைரோபி
8-2-1982

தங்கச்சி பூரணிக்கு அண்ணன் வாஹித் பாஷா துவாவோடு எழுதுவது.

உன் கடிதத்தைத் தோல் கிடங்கில் உட்கார்ந்து படித்தேன். கூட இருந்தவர்கள் தோலில் தூவும் உப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ஜம்புலிங்கம் என் ரூமில்தான் இருக்கிறான். பித்தளைச் சொம்பில், வெள்ளைத் துணி கட்டி, அலமாரி மேல் வைத்திருக்கிறேன். வேலைக்குக் கிளம்பும்போது "வர்றேன்டா" என்று அவனிடம் சொல்லிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் மனசு ரொம்பப் பேஜாராக இருக்கிறது அம்மா. எங்களில் மய்யத்தைக் காக்கவைக்க மாட்டோம். எவ்வளவு சீக்கிரம் மண்ணில் சேர்க்கிறோமோ அவ்வளவு மரியாதை. இவனோ என் சட்டை லுங்கிக்குப் பக்கத்தில் வாரக்கணக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான்.

லீவு கிடைத்துவிட்டது. மார்ச் முதல் வாரம் புறப்படுகிறேன். பம்பாய்க்கு நேர் விமானம் கிடைக்கவில்லை. நடுவில் சீஷெல்ஸ் என்ற தீவில் இறக்கிவிட்டு, மறுநாள்தான் வேறு விமானத்தில் ஏற்றுவார்களாம். தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. வெள்ளைக்காரன் எல்லாம் கடலில் குளிக்கவே அந்தத் தீவுக்குப் போகிறானாம். "ஓசியிலே கிடைக்குது, விடாதே" என்று இங்கே ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். உன் வீட்டுக்காரன் இருந்திருந்தால் இதற்கென்றே புதுத் துண்டு வாங்கியிருப்பான்.

பம்பாயில் சுங்கக்காரர்கள் எதையும் விடாமல் பிரித்துக் கிளறுகிறார்களாம். அது ஒன்றுதான் பயம். நீ தைரியமாக இரு. அவன் அம்மாவைப் பார்த்துக்கொள்.

வாஹித்


மாஹே தீவு, சீஷெல்ஸ்
6-3-1982

தங்கச்சி பூரணிக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. என் கையாலேயே உன்னிடம் கொடுப்பேன். நேரில் சொன்னால் உளறிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

காலையில் இங்கே இறங்கினேன். ஓட்டல் வாசலைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். கூட வந்த பஞ்சாபிக்காரர் பெட்டியைக்கூடத் திறக்காமல் குளிக்க ஓடினார். ஒரு பகலை ரூமில் உட்கார்ந்து வீணாக்குகிறாயே என்று என்னையும் இந்தியில் திட்டினார். நான் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அல்லாவே, எனக்கு ஒரு வழி காட்டு என்று கேட்டேன்.

அப்புறம் சொம்பைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தேன். ஒரு மளிகைக் கடைக்குள் தமிழ்ப் பேச்சு கேட்டது. கடைக்காரர் பெயர் பக்தவச்சலம், தாத்தா காலத்தில் மாயவரம் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்று பையைக் கும்பிட்டார். "எங்காளுங்களை எல்லாம் இங்கதாங்க விடுறோம். எங்க விட்டாலும் கடல் ஒண்ணுதானே பாய்?" என்றார். நான் அல்லாவிடம் கேட்ட கேள்விக்குப் பதில் வந்த மாதிரி இருந்தது.

அவர் கடையைச் சாத்திவிட்டு, கற்பூரம், பூ, தேங்காய் எல்லாம் எடுத்துக்கொண்டு என்கூட வந்தார். இரண்டு பேரும் கடலில் இறங்கினோம். நம் தோல் பட்டறைத் தொட்டித் தண்ணீர் மாதிரியா? இடுப்பளவு நின்றாலும் கால் விரல் தெரிகிறது. அவர் உங்கள் முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார். நான் துவா கேட்டேன். நான்தான் என் கையால் விட்டேன். "போய்ட்டு வாடா தோஸ்த்" என்றேன். அவன் நின்றுகூடப் பார்க்கவில்லை, போய்விட்டான்.

இனி உனக்கு மகாபலிபுரம் அலைச்சல் இல்லை. அவனை மரத்தில் மூட்டை மாதிரி கட்ட வேண்டாம். எந்தச் சுங்கக்காரன் கையும் அவன்மேல் படாது. திரும்பி வந்து மீன் குழம்போடு வயிறாரச் சாப்பிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு கண்ணயர்ந்தேன். உனக்கும் பாரம் இறங்கும் அம்மா.

வாஹித்


ஆம்பூர்
2-4-1982

வாஹித் அண்ணனுக்கு,

பில்கிஸ் அண்ணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சொம்பைக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் நீங்கள் பல தடவை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனீர்கள். நான் வெளியே வராதது மரியாதை இல்லைதான்.

நீங்கள் ஊருக்கு வந்த அன்று அத்தைக்குத் தலை வாரி, துவைத்த புடவை கட்டி உட்காரவைத்திருந்தேன். யார் என்ன சொன்னாலும் மரத்தில் கட்ட விடக் கூடாது, ஒரு பகல் முழுக்க அவரை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். இதை ஓர் ஆண்பிள்ளைக்கு எப்படி அண்ணா எழுதுவேன்? வெட்கமாக இருந்தது. அவரைக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் எழுதினேன். அந்தப் பகல் உங்களுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

சொம்பைக் கையில் வாங்கியபோதே கனம் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகும் நம்பாமல் துணியை அவிழ்த்தேன். மணல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தீர்கள். உள்ளே விரலை விட்டு ஓரமெல்லாம் தடவிப் பார்த்தேன். துளிகூட ஒட்டியிருக்கவில்லை. சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள், உங்கள் மனசு எனக்குத் தெரியாதா? அதைக் கழுவாமலாவது கொண்டுவந்திருக்கக் கூடாதா அண்ணா?

"வாஹித்து இன்னும் வர்லியா? எம்புள்ளைய கொண்டாறேன்னானே" என்று அத்தை இன்றைக்கும் கேட்டாள். நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஒத்துக்கொள்வதில்லை.

உங்கள்மேல் பழி இல்லை. தெருவில் யாராவது உங்களைத் தப்பாகப் பேசினால் நானே சண்டைக்குப் போவேன். அண்ணி வரட்டும், போகட்டும். நீங்கள் மட்டும் வராதீர்கள். திரும்பப் போன பிறகு கடிதமும் போட வேண்டாம். ஜன்னல் வழியாக உங்களைப் பார்க்கும்போதெல்லாம், கையில் ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

பூரணி