முள் ஆடவில்லையாம்

புதன், இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் பழைய காரில் ஆம்பியர் மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வைத்தது நான்தான். வண்டியின் மொத்தக் கரண்டும் அந்தப் பழைய மீட்டர் வழியாகத்தான் போகும். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் சூடேறி ஒயர் எரியும். போன வாரம் நான் டேஷ்போர்டைப் பிரித்து உட்கார்ந்தது தெருவுக்கே தெரியும்.

தம்பி டேவிட்டுக்குத்தான் பிடிக்கவில்லை. "ஹாரன் அடிச்சா முள்ளு ஆடவே மாட்டேங்குதுக்கா. வண்டி செத்தா மாரி கீது" என்றான். நேற்று எனக்குத் தெரியாமல் பழைய மீட்டரையே திரும்ப மாட்டிவிட்டான்.

இன்று மாரிகுப்பம் சர்ச்சுக்குக் கல்யாணப் பெண்ணை ஏற்றிப்போனோம். வாசலில் நிற்கும்போது டேஷ்போர்டிலிருந்து புகை. பெண் முக்காட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினாள். டேவிட் கொதிக்கிற ஒயரைக் கையாலேயே பிடுங்கி எறிந்தான். எல்லோரும் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பெண்ணின் மாமா என் பக்கம் திரும்பி, "பொம்பள கை வெச்ச வண்டி, வேற இன்னா ஆவும்?" என்றார்.

பழைய மீட்டரை மாட்டியது தான்தான் என்று சொல்லாமல், டேவிட் தடியன் முதுகில் விழுந்த தட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும், "எரியுதுக்கா" என்று விரலை நீட்டினான். மருந்து தடவிவிட்டேன். நன்றாக அழுத்தியே தடவினேன்.