ஆகஸ்டில் தோண்டிய கிழங்கு

ஏப்ரல் 14
பக்கத்து மனை கெஸினா இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு காய்கறிப் பாத்திகளை அழித்துவிட்டாள். புல் வெட்டும் இயந்திரத்தையும் விற்றுவிட்டாள். மனை முழுக்கத் தரையோடு படரும் குளோவர் செடி, நடுநடுவே சங்கு மாதிரிச் சுருண்ட ஏதோ கிழங்கு. “வெட்ட வேண்டாம், தண்ணி ஊத்த வேண்டாம், ஹார்ட்விக். மேல நடப்பேன், கீழ தோண்டித் திம்பேன்” என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். தோட்டம் போட மனைகளை வாடகைக்கு விடும் எங்கள் தோட்டச் சங்கத்தின் காத்திருப்போர் பட்டியலில் என் மகள் விப்கேதான் முதல் ஆள். ஒரு மனை காலியானால் போதும்.

ஜூன் 8
குளோவர் பூத்துவிட்டது. வெறுங்காலோடு அதில் படுத்துக் கிடக்கிறாள். நான் வாரம் இரண்டு தடவை புல் வெட்டி முதுகு ஒடிகிறேன். வயிறு எரிகிறது.

ஜூலை 2
மனையில் மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுப் பயிர் இருக்க வேண்டும். அது சங்க விதி. ஆய்வாளர் நான். நோட்டீஸ் கொடுத்தேன்.
“கிழங்கு மண்ணுக்குள்ள இருக்குப்பா!”
“அப்போ தோண்டிக் காட்டு. ஆகஸ்ட் ஒன்பது.”
அக்டோபர் கடைசியில்தான் அது பருக்கும். தெரியாமலா தேதி வைத்தேன்?

ஆகஸ்ட் 9
ஊன்றுகோலை வேலியில் சாய்த்துவிட்டு அவளே தோண்டினாள். சங்கத்திலிருந்து நாங்கள் நான்கு பேர் நின்று பார்த்தோம். எவரும் மண்வெட்டியை வாங்கவில்லை. வெள்ளை நூலாக வேர். அவரைக்கொட்டை அளவில் சில முடிச்சு. ஒரு கைப்பிடி தேறியது. நான் சிரித்துவிட்டேன். கிளறிய மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
“பனி விழற வரைக்கும் பொறுத்திருக்கலாமே, ஹார்ட்விக்.”
“விதி விதிதான்.”

செப்டம்பர் 30
விதிப்படி மனையைக் காலி செய்து, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள் கெஸினா. திரும்பிப் பார்க்கவில்லை. நிம்மதி.

அக்டோபர் 5
விப்கே மனையைப் பார்க்க வந்தாள். கிளறிக் கிடந்த மண்ணையே பார்த்தாள்.
“அந்தம்மா ஏம்ப்பா ஆகஸ்ட்ல தோண்டினாங்க?”
அவளும் மண்ணில் வளர்ந்தவள்தானே, கிழங்கு எப்போது பருக்கும் என்று தெரியாதா? ஏதோ சொல்லி மழுப்பினேன். காபிகூடக் குடிக்கவில்லை.

அக்டோபர் 11
பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி விப்கேயின் கடிதம். சங்கத்துக்குத்தான் எழுதியிருக்கிறாள், எனக்கு இல்லை. போன் எடுக்க மாட்டேன் என்கிறாள்— பெற்ற அப்பனிடம் இவ்வளவு வீம்பா? யாருக்காகச் செய்தேன்?

அக்டோபர் 26
சனிக்கிழமைகளில் கெஸினாவுக்கு விப்கேதான் கடைக்குப் போய் வருகிறாளாம். வேலிக்கு அப்பால் யாரோ பேசிக்கொண்டார்கள்.
மனை எடுக்க ஆள் வரும்வரை ஆய்வாளரே அதைப் பராமரிக்க வேண்டும். அதுவும் விதி. இன்று மிச்சக் குளோவரையும் பிடுங்கிப் புல் விதைத்தேன். செய்தது தப்பென்று எழுத மாட்டேன்.